பத்து நாள் திரைப்படப் பயிலரங்கில் இரண்டாம் படப்பிடிப்புக்கு இடம் வையுங்கள்

மன்னார்குடிக்கு அருகே உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தமிழாசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. வரும் மே மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் இருபது மாணவர்களுக்குப் பத்து நாள் திரைப்படப் பயிலரங்கு ஒன்றை நடத்த அவர் விரும்புகிறார். பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு கேமரா வாங்கலாமா, பத்து நாளில் எதை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது, கோடை வெயிலில் இதெல்லாம் நடக்கக்கூடியதுதானா என்பவை அவருடைய ஐயங்கள். ஒலிப்பதிவிலும் படத்தொகுப்பிலும் வேலை பார்த்து, சில ஆண்டுகளாக டெல்டா மாவட்டங்களில் கோடைதோறும் இத்தகைய முகாம்களை நடத்திவருபவன் என்ற முறையில் விடை சொல்கிறேன்.

கேமரா வாங்க வேண்டாம். ஒரு கேமராவை இருபது பேருக்கு நடுவே வைத்தால் ஒருவர் படம் எடுக்கப் பத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஒருவரும் பெரும்பாலும் வகுப்பில் ஏற்கெனவே முந்திக்கொண்டு நிற்கும் பையனாகவே இருப்பான். நான்கு பேருக்கு ஒரு குழுவாக ஐந்து குழுக்கள், குழுவுக்குப் படத்துக்கு ஒன்றும் ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு கைப்பேசிகள், ஒரு டிரைபாட், கம்பியுள்ள ஒரு காலர் மைக், ஒரு மடிக்கணினி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிகள் வீடுகளிலேயே இருக்கின்றன. பணத்தை டிரைபாட், மைக், இரண்டு ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, வேன் வாடகை, மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்குச் செலவிட்டால் மீதியும் இருக்கும்.

நாள்களை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் பயிலரங்கின் பயன் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தன் படத்தை ஒரு முறை எடுத்து, அதை வெட்டிச் சேர்த்துப் பார்த்து, என்ன குறைகிறது என்பதைத் தானே கண்டு, அதே இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி எடுக்க நாள் இருக்க வேண்டும். இதற்கு இடமில்லாத பயிலரங்கில் மாணவர்கள் ஷாட்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பயிலரங்கு தேவையில்லை.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நான் நடத்திய முதல் முகாமில் முதல் ஆறு நாள்களும் பாடம் நடத்தினேன்: உலக சினிமா, கேமராக் கோணங்கள், திரைக்கதையின் அங்கங்கள் என்று பலகை நிறைய எழுதினேன். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் படப்பிடிப்பு. ஒன்பதாம் நாள் இரவு முழுவதும் நானே கண்விழித்து ஐந்து படங்களையும் எடிட் செய்தேன். பத்தாம் நாள் திரையிட்டபோது பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் இரண்டு குழுக்கள், தங்கள் முகம் திரையில் வரும்வரை ஓடுவது தங்கள் படம்தான் என்று அறியாமல் உட்கார்ந்திருந்தன. அந்தக் குறை முழுக்க என்னுடையது.

ஆகவே இப்போது நான் பின்பற்றும் ஒழுங்கு வேறு. முதல் இரண்டு நாள்கள் பயிற்சி. அதில் இரண்டாம் நாளே எடிட்டிங் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் பொருளைத் தேர்ந்து எழுதுவது, இடத்தைப் போய்ப் பார்ப்பது. நான்கிலும் ஐந்திலும் முதல் படப்பிடிப்பு. ஆறும் ஏழும் எடிட்டிங். எட்டாம் நாள் இரண்டாம் படப்பிடிப்பு. ஒன்பதாம் நாள் ஒலியும் தலைப்புகளும், பத்தாம் நாள் மாலை திரையிடல். படத்தின் நீளம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீளம் கூடினால் திரும்பிப் போய் எடுக்க நேரமிருக்காது. இடம் தூரமாக இருந்தாலும் அப்படியே. பள்ளியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் கிடைப்பதே பொருள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லைகளும் தீரும்.

முதல் நாள் பயிற்சிக்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவது. அதில் வசனம் வேண்டியதில்லை. தொடக்கமும் நடுவும் முடிவும் வேலையிலேயே இருக்கின்றன; ஓட்டை எங்கே என்ற கேள்வி, பார்ப்பவரைத் தானாகப் பிடித்து உட்கார வைக்கிறது. டயரை நெம்பி டியூபை உருவுவது, காற்றடிப்பது, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்ப்பது, குமிழி கிளம்புவது, அந்த இடத்தைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவுவது, காயும்வரை காத்திருப்பது, ஒட்டித் தட்டுவது என்று ஒவ்வொரு படியும் ஒரு ஷாட்டைக் கேட்டு நிற்கிறது. மாணவர்களுக்கு நான் போடும் கட்டுப்பாடுகள் மூன்று: கேமரா அசையக் கூடாது, ஜூம் செய்யக் கூடாது, ஒவ்வொரு ஷாட்டும் குறைந்தது பத்து நொடி ஓட வேண்டும். கையின் நெருங்கிய காட்சி, முகத்தின் நெருங்கிய காட்சி, கடை முழுவதும் தெரியும் தூரக் காட்சி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, பிறகு அவர்களுக்கே தோன்றும் ஒன்று என்று ஐந்து கோணங்களில் எடுக்கச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அதை எடிட் செய்ய உட்கார்ந்தால் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். குமிழி கிளம்பும் ஷாட் இருக்கும். அதற்கு முன்னால், குமிழி வருகிறதா என்று அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம் இருக்காது. எடுத்த நேரத்தில் அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியதால் எடுக்கவில்லை. முகம் இல்லாமல் கையையும் தண்ணீரையும் மட்டும் அடுக்கினால் அது செய்முறை விளக்கமாக இருக்கிறதே தவிர, காத்திருப்பு வருவதில்லை. இதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களே தேடி, இல்லை என்று கண்டு, பன்னிரண்டு மணி வெயிலிலும் கடைக்கு ஓடுவார்கள். ஓடியவர்களில் சிலர், நேற்று அவர் அணிந்திருந்த சட்டை வேறு என்ற செய்தியுடன் திரும்பி வருவார்கள். கன்டினியூட்டி என்றால் என்ன என்பதற்கு அதன்பிறகு தனிப் பாடம் தேவைப்படுவதில்லை.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. மே மாதம் முழுவதும் உச்சியிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. இதனால் காலை பத்து முதல் மாலை நான்கு வரை திறந்த வெளியில் நிற்கும் எவருடைய முகத்திலும் கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். கூடவே கத்திரி வெயில். எனவே வெளிப்புறப் படப்பிடிப்பைக் காலை ஆறு முதல் ஒன்பது வரையிலும், மாலை நான்கரைக்கு மேலும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தை எடிட்டிங்குக்கும் உட்புறக் காட்சிகளுக்கும் விடுங்கள். திண்ணை, தாழ்வாரம், மாட்டுக்கொட்டகையின் வாசல், புளியமர நிழல் ஆகியவை நண்பகலிலும் மென்மையான ஒளி தருபவை. நிழலில் இருக்கும் முகத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் போதும். பெரிய படப்பிடிப்புகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். வெயிலில் வைத்த கைப்பேசி சூடேறித் தானே பதிவை நிறுத்திவிடும் என்பதால், ஷாட் முடிந்தவுடன் அதை நிழலுக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் குழுவில் ஒருவரிடம் கொடுங்கள்.

கைப்பேசியில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. லென்ஸை ஒவ்வொரு முறையும் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தலைக்குத் தடவிய எண்ணெயின் விரல் தடம்தான் மாணவர் படங்களில் நான் அதிகமாகக் கண்ட மங்கல். அழைப்பு வந்து பதிவு அறுபடாதிருக்க ஏரோப்ளேன் மோடில் வைக்க வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி கடந்துபோகும்போது முகம் இருண்டுவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், டியூப் லைட்டின் கீழ் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி என்று வைத்தால் திரையில் பட்டைகள் ஓடாது. 4கே தேவையில்லை. 1080 அளவிலேயே ஒரு மணி நேரப் பதிவு சுமார் எட்டு ஜி.பி. வரை இடம் பிடிக்கும். ஐந்து குழுக்கள், பல நாள்கள் என்று பெருக்கிப் பாருங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக்கொள்ளவே கூடாது, அது படத்தைச் சுருக்கிப் பாழாக்கிவிடும். கேபிள் வழியாகவே மடிக்கணினிக்கு மாற்றி, அன்று மாலையே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் நகல் எடுத்த பின்புதான் கைப்பேசியில் அழிக்க வேண்டும்.

ஒலியைப் பற்றி என் தொழில் காரணமாகச் சற்று அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மங்கலான படத்தைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார், கேட்காத வசனத்தை மன்னிக்க மாட்டார். கைப்பேசியின் சொந்த மைக் பத்தடி தூரத்தில் பேசுபவரையும், பக்கத்தில் நிற்கும் குழுவினரின் மூச்சையும் ஒன்றாகவே பதிவு செய்யும். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் அவர் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். வேறு எந்தக் கருவியும் மலிவாகத் தராத ஆதாயம் அது. காலர் மைக்கை இன்னொரு கைப்பேசியில் செருகி, பேசுபவரின் சட்டைப் பையிலோ இடுப்பு மடிப்பிலோ வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஷாட் தொடங்கும்போது கேமராவின் முன்னால் ஒரு முறை கை தட்டினால், கைகள் சேரும் படத்தையும் தட்டும் ஓசையையும் எடிட்டிங்கில் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் வாய் மூடி நிற்க, ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு ஷாட்களுக்கு நடுவே ஒலி அறுந்து தொங்கும் இடங்களை அதைக்கொண்டுதான் நிரப்ப முடியும். இருபது பிள்ளைகள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பது பயிலரங்கின் கடினமான பயிற்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாத டெல்டாவில் ஒலிக்கு ஒரு தனிப் பகை உண்டு. திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று ஏதாவது ஒரு தெருவில் குழாய் ஒலிபெருக்கி காலை முதல் பாடிக்கொண்டே இருக்கும். வசனத்தின் அடியில் சினிமாப் பாட்டு ஓடினால், ஷாட்டை நடுவில் வெட்ட முடியாது, பாட்டு தாவுவது காதில் அறையும். இணையத்தில் ஏற்றினால் உரிமைச் சிக்கலும் வரும். ஊர் மைக் செட்காரரை முன்கூட்டியே பார்த்து, எந்தெந்த நாளில் எங்கே நிகழ்ச்சி, எப்போது நிறுத்துவார் என்று எழுதிவைத்துக்கொண்டு அதன்படி படப்பிடிப்பை அமைப்பதே நான் கண்ட வழி. தமிழ் சினிமாவின் பழைய வழக்கப்படி டப்பிங் பேசிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். உதட்டசைவுக்கு ஏற்பப் பேசுவது பயின்ற நடிகர்களுக்கே பாடு. மாணவர்களிடம் கேட்டால் அவர்கள் பாடம் ஒப்பிப்பார்கள்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் டெல்டாவின் கோடை மிகவும் தாராளமானது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதால், மே மாதத்தில் ஆறும் வாய்க்காலும் மணலாகக் கிடக்கும். தூர் வாரும் வேலை நடக்கும். மதகுகளைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர், மதகுப் பலகைகளுக்கும் திருகுகளுக்கும் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஓர் ஊரை அப்போதுதான் எடுக்க முடியும். நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆகையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் பகல் முழுவதும் நடக்கும், பேசவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். கும்பகோணம் பக்கமானால் சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் வார்ப்பு வேலை, நாச்சியார்கோயில் பித்தளை விளக்கு, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாகசுரம் ஆகியவை உண்டு.

இவற்றில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். புகழ்பெற்ற கைவினைகளை எடுக்கப் போகும் மாணவர்கள், ஏற்கெனவே பார்த்த தொலைக்காட்சிச் செய்தியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்: பெருமைமிக்க இந்தக் கலை அழிந்துவருகிறது, அரசு கவனிக்க வேண்டும் என்ற பின்னணிக் குரலுடன். அவர்களிடம் நான் பின்னணிக் குரலைத் தடை செய்துவிடுகிறேன். நாகசுரம் செய்பவரிடம் அவருடைய கலையின் பெருமையைக் கேட்காமல், துளை சரியாக வந்திருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்கச் சொல்கிறேன். கையால் செய்துகாட்டாமல் அந்தக் கேள்விக்கு அவரால் விடை சொல்ல முடியாது. படம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

கதைப்படம்தான் எடுப்போம் என்று அடம் பிடிக்கும் குழு நிச்சயம் இருக்கும். அவர்கள் கொண்டுவரும் முதல் கதையில் குடிகார அப்பா, இருமும் அம்மா, நன்றாகப் படிக்கும் மகள், கடைசியில் ஒரு சாவும் ஓர் அறிவுரையும் இருக்கும். கிண்டல் செய்யக் கூடாது. அந்தத் துயரத்தில் சிலது அந்த வீடுகளில் உண்மையாகவே இருக்கும். மூன்று நிமிடத்தில் அது தாங்காது என்பதை மட்டும் சொல்லி, இடம் ஒன்று, ஆள் இருவர், காலம் ஒரு மணி நேரம், அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பொருள் என்று சுருக்கச் சொல்லுங்கள். பம்புசெட்டில் குளிக்கப் போன இரண்டு பையன்களில் ஒருவன் தலையில் சீயக்காய் அப்பிக்கொண்ட வேளையில் மும்முனை மின்சாரம் போய்விடுகிறது. மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை. இப்படி ஒன்றை அவர்கள் தாங்களாகவே பிடித்துவிடுவார்கள், நடிக்கவும் எளிது. இருவர் பேசும் காட்சியில் கேமரா ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற 180 டிகிரி விதியைப் பலகையில் வரைந்து புரியவைக்க முயலாதீர்கள். மீறி எடுத்து, எடிட்டிங்கில் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவதைக் கண்டு சிரித்தபின் புரிந்துகொள்வார்கள். எட்டாம் நாள் அதற்காகவும்தான்.

குழுக்களை நீங்களே பிரியுங்கள், அவர்களிடம் விடாதீர்கள். விட்டால் தெரு வாரியாகச் சேர்வார்கள், படங்களும் தெரு வாரியாகவே வரும். கேமரா, ஒலி, இயக்கம், எடிட்டிங் ஆகிய நான்கு பொறுப்புகளும் இரண்டு நாளைக்கு ஒரு முறை கை மாற வேண்டும். இல்லாவிட்டால் மாணவிகள் கணக்கு எழுதுவதிலும் உடை எடுத்து வைப்பதிலும் போய் முடிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலை ஆறு மணிப் படப்பிடிப்புக்கு மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம், உடன் வரும் ஆசிரியை யார் என்பதையும் திரும்பும் நேரத்தையும் எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எடிட்டிங்குக்குப் பழைய விலையில்லா மடிக்கணினிகள் ஊரில் கிடைக்கும். அவற்றில் டாவின்சி ரிசால்வ் திணறும். கேடென்லைவ் அல்லது ஷாட்கட் என்ற இலவச மென்பொருள்கள் ஓடும். கேடென்லைவில் ப்ராக்ஸி என்ற வசதியை இயக்கினால், சிறிய நகல்களை வைத்து வேலை பார்த்துவிட்டு முடிவில் அசலிலிருந்து படத்தை வெளியெடுக்கலாம். கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை சட்டகம் (ஃப்ரேம்) என்ற கணக்கை நிலையாக வைத்துக்கொள்ளாததால், தனியாகப் பதிவு செய்த ஒலி ஐந்தாறு நிமிட ஷாட்களில் மெல்ல விலகிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான கணக்குக்கு மாற்றிய பிறகு தொகுத்தால் அந்தத் தொல்லை இல்லை. மின்வெட்டை எண்ணி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: மவுஸை நீங்கள் தொடாதீர்கள். கை துறுதுறுக்கும், தொடாதீர்கள்.

பின்னணி இசைக்குச் சினிமாப் பாடல்களை எடுக்க வேண்டாம். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள்; அவர்களுடைய கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, நம் சட்டப்படி அது 60 ஆண்டு நீடிக்கும். எனவே பள்ளியில் பாடும் மாணவியையோ, நாகசுரம் பயிலும் பையனையோ கொண்டு நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். பல படங்களுக்கு இசையே வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை சுற்றறிக்கை விடுவது உண்டு. தலைமையாசிரியர் வழியாக மார்ச் மாதத்திலேயே எழுத்துப்பூர்வமான இசைவு வாங்கிவிடுங்கள். பெற்றோர் கையெழுத்தில், படத்தில் தோன்றுவதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் தனித்தனியாக ஒப்புதல் கேளுங்கள். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறுக்க அவர்களுக்கு உரிமை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை; முறையான அனுமதியின்றி அங்கே டிரைபாட் வைத்துப் படம் எடுக்க விட மாட்டார்கள். ரயில் நிலையத்துக்கும் முன் அனுமதி வேண்டும். ட்ரோன் ஆசை எல்லாருக்கும் வரும். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி ட்ரோனை இயக்கும் உரிமம் பெறவே 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். போதாக்குறைக்குத் தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. பள்ளி மாடியிலிருந்து எடுத்தாலே ஊர் அழகாகத் தெரியும்.

இதன்பிறகு என்ன படிக்கலாம் என்று பிளஸ் டூ மாணவர்கள் கேட்பார்கள். சென்னைத் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பட்டப் படிப்புகளை நடத்துகிறது. 1960-இல் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனத்தின் முதன்மைப் படிப்புகளுக்குப் பட்டம் முடித்திருக்க வேண்டும். ஒளிப்பதிவுக்கு மட்டுமே எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள்; ஒலிக்கும் எடிட்டிங்குக்கும் ஆர்வமுள்ள பிள்ளையைக் கண்டால் அந்தப் பக்கமும் வழி இருப்பதைச் சொல்லுங்கள்.

திரையிடலைப் பள்ளிக்கூடத்துக்குள் அடைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் வையுங்கள். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கினார். இந்தப் பகுதிக்குத் திறந்தவெளித் திரை புதிதல்ல. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்பட்டுவருவதால் புரொஜெக்டர் இயக்கத் தெரிந்த ஆசிரியர் யாராவது இருப்பார். மே மாதத்தில் ஆறரை மணிக்குச் சூரியன் மறைந்தாலும், ஏழு மணிக்கு மேல்தான் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியும். காற்றில் ஆடாதபடி வெள்ளைத் துணியின் அடிப்பக்கத்தில் ஒரு மூங்கிலைச் சுற்றிக் கட்டுங்கள். மைக் செட்காரரிடம் குழாயைத் தவிர்த்துப் பெட்டி ஒலிபெருக்கி கேளுங்கள். மாலை ஐந்து மணிக்கே ஐந்து படங்களையும் ஒரு முறை முழுவதுமாக ஓட்டிச் சரிபாருங்கள். முதல் நாள் எடுத்த பயிற்சியையும், எட்டாம் நாளுக்கு முந்தைய முதல் வடிவத்தையும் அழிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு முடிந்த படத்தோடு அந்த முதல் வடிவத்தையும் காட்டலாம். படங்களில் தோன்றிய ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லி, பஞ்சர் கடைக்காரர் உட்பட அனைவருக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.